வீடியோவைப் பார்த்துப் போன கடையில் உங்களுக்கு என்ன நடந்தது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

என் அப்பாவுக்கு 71 வயது. அம்மா போன பிறகு வெளியே சாப்பிடக் கூப்பிட்டால் வரவே மாட்டார். அப்படிப்பட்டவர் போன மாதம் தன் போனை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். விறகடுப்பில் தம் போட்ட சீரக சம்பா பிரியாணி. அண்டாவைத் திறக்கிறார்கள், ஆவி பறக்கிறது, ஒரு பையன் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ‘வேற லெவல்’ என்கிறான். “ஒரு நாள் இங்கே போவோமா தம்பி?” என்று கேட்டார். அவர் வாய்விட்டுக் கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமையே தாம்பரம் தாண்டி இருக்கும் அந்தக் கடைக்குக் கிளம்பிவிட்டோம்.

மதியம் 12.15க்குப் போய்ச் சேர்ந்தோம். டோக்கன் எண் 64. வெளியே நிழல் இல்லை, உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. 58ஆம் டோக்கனைக் கூப்பிடும் நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. கேமராவும் லைட்டுமாக இரண்டு பேர் இறங்கினார்கள். மேனேஜரே வாசலுக்கு வந்து அவர்களை உள்ளே அழைத்துப் போனார். நான் அவரிடம், “அப்பாவுக்கு முழங்கால் வலி, உள்ளே ஒரு ஓரமாக உட்கார வைக்க முடியுமா?” என்று கேட்டேன். “எல்லாரும்தான் சார் நிக்கிறாங்க” என்றார்.

உள்ளே போகும்போது மணி 1.50. முன்பு சாப்பிட்டவர்களின் இலைகூட எடுக்கப்படவில்லை. மட்டன் தீர்ந்துவிட்டது என்பதை உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்கள். சரி, சிக்கன் கொடுங்கள் என்றேன். அரிசி குழைந்திருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பா இன்னொரு கரண்டி தயிர் வெங்காயம் கேட்டார், “அதுக்குத் தனி சார்ஜ்” என்றார்கள். அடுத்த டோக்கன் குடும்பம் எங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றது. சூப்பர்வைசர் அப்பாவிடம் குனிந்து, “கொஞ்சம் சீக்கிரம் முடிச்சீங்கன்னா நல்லா இருக்கும்” என்றார். அப்பா இலையில் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். ஒரு பருக்கை சிந்தினாலும் எடுத்துப் போடுகிற மனுஷன் அவர்.

பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தார்கள். வாடிக்கையாளரைக் கேட்காமல் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்று உறுதிசெய்தது. இதைக் கல்லாவில் சொன்னேன். பத்து நிமிடம் வாதாடிய பிறகு எடுத்தார்கள். உங்களுக்கும் இப்படி நடந்தால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லலாம். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அப்பா பாதியில் எழுந்ததை யாரிடம் கேட்பது?

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும் சொன்னால் போதும்.

மதுரையிலிருந்து

படிக்கவே கஷ்டமாக இருந்தது அண்ணா. என் கதை இவ்வளவு பெரிதில்லை. பன் பரோட்டாவுக்குப் பேர் போனதாக வீடியோ வந்த ஒரு கடை. பில் கேட்டால், பில்லுக்கு முன்னால் ஒரு அட்டையை நீட்டினார்கள். போனில் ஸ்கேன் செய்து ஐந்து நட்சத்திரம் போட்டால் குழந்தைக்கு ஐஸ்கிரீம் இலவசமாம். சால்னா ஆறிப்போயிருந்தது, தண்ணீர் மூன்று முறை கேட்டும் வரவில்லை. இருந்தும் பையன் ஐஸ்கிரீமைப் பார்த்துக்கொண்டிருந்ததால் போட்டுவிட்டேன். நான்கு நாள் அது என் பெயரில் அப்படியே இருந்தது. அதை நம்பி யாராவது வெளியூரிலிருந்து வந்திருப்பார்களே என்ற உறுத்தல் தாங்காமல் நீக்கிவிட்டு, நடந்ததை எழுதினேன்.

கோவையிலிருந்து

நான் இப்படி ஒரு கடையில் இரண்டு வருஷம் சப்ளையராக வேலை பார்த்தவன். உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது பேர் உட்காரும் கடை அது. வெள்ளிக்கிழமை இரவு ஒரு ரீல்ஸ் வந்தது. சனிக்கிழமை காலை 11 மணிக்கே தெருமுனை வரை ஆள். முதலாளிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கூடுதலாக ஒரு ஆளையும் சேர்க்கவில்லை, ஒரு அடுப்பையும் ஏற்றவில்லை. தம் என்பது அவசரத்துக்கு வளையாது. மூடி மேல் கங்கு போட்டு இருபது, இருபத்தைந்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். வாசலில் கூட்டம் கத்தினால் பன்னிரண்டாவது நிமிடமே திறப்பார்கள். மேலே அரிசி விறைப்பாக, அடியில் குழைந்து இருக்கும். ராத்திரியே மசாலாவில் ஊறிய கறி முதல் அண்டாவோடு சரி. அப்புறம் வெட்டிய கறி ஊறாமலே அடுப்பில் ஏறும். மாஸ்டர் அதைப் பார்த்து வேதனைப்படுவார், “என் பேரைக் கெடுக்கறாங்களேடா” என்பார்.

வீடியோ எடுக்க வருபவர்களுக்குப் போகும் தட்டு வேறு. அண்டா முழுக்கத் தேடி நல்ல பீஸாகப் பொறுக்கி மேலே அடுக்கி, ஒரு கரண்டி நெய் விட்டு அனுப்புவோம். கேமராவோடு யார் வந்தாலும் மற்ற டேபிளை விட்டுவிட்டு அங்கே போக வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. நாங்கள் காலை 11 முதல் இரவு 11 வரை நிற்போம். சர்வீஸ் சார்ஜ் என்று வாங்கியதில் ஒரு ரூபாய்கூட எங்கள் கைக்கு வந்ததில்லை. தண்ணீர் வைக்கத் தாமதமானால் வாடிக்கையாளர் எங்களைத் திட்டுவார், போய்ச் சொன்னால் முதலாளியும் எங்களைத்தான் திட்டுவார். ஒரு அம்மா கைக்குழந்தையோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனது இன்றும் ஞாபகம் இருக்கிறது. அந்த மாதமே வேலையை விட்டேன். உங்கள் அப்பாவிடம் எங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் அண்ணா.

திருச்சியிலிருந்து

இந்த வீடியோக்களில் பலவற்றுக்குப் பணமோ இலவசச் சாப்பாடோ கைமாறியிருக்கும். அதைப் பார்ப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. 2023 ஜனவரியில் அதை விளக்கி ஒரு வழிகாட்டியும் வந்தது. இலவசமாகக் கிடைத்ததும் கணக்கில் சேரும், வீடியோ எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. நான் பார்க்கும் சாப்பாட்டு வீடியோக்களில் அந்த ஒரு வரியைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. இப்போதெல்லாம் மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும்தான் படிக்கிறேன். நல்லது கெட்டது இரண்டையும் அவர்கள்தான் சொல்கிறார்கள்.

சேலத்திலிருந்து

எங்களுக்கு ஸ்மோக் பிஸ்கட். வாயில் போட்டால் புகை வரும், குழந்தைகள் மூக்கு வழியாகப் புகை விடுவதை எல்லாரும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை வருவது திரவ நைட்ரஜனால், அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. வேண்டாம் என்றேன். “எல்லாப் பிள்ளைங்களும் சாப்பிடுது, உங்க ஒருத்தருக்குத்தான் பயம்” என்று கடைக்காரர் என் மகள் எதிரிலேயே சொன்னார். அவள் அழுதுகொண்டே வந்தாள். 2024 ஏப்ரலில் கர்நாடகாவில் ஒரு சிறுவன் அதைத் தின்றுவிட்டுத் துடித்த வீடியோ பரவியது. அதன் பிறகுதான் நம் உணவுப் பாதுகாப்புத் துறை அதை இப்படிக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. அன்று அவள் அழுதது எனக்கு இப்போது வருத்தமாக இல்லை.

முதலில் எழுதியவன்

எல்லாருக்கும் நன்றி. கோவைத் தம்பி எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “அந்தப் பசங்க என்ன பண்ணுவாங்க, பாவம்” என்றார்.

நேற்று அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. இணையத்தில் அந்தக் கடையைப் பற்றி நான் போட்ட விமர்சனத்தை எடுத்துவிட்டால் நான்கு பேருக்கு இலவச விருந்தாம். விருந்து வேண்டாம், எடுக்கவும் மாட்டேன் என்றேன். வாசலில் ஒரு பந்தல் போட்டு, வயசானவர்களுக்கு நான்கு நாற்காலி போடுங்கள், போட்டதும் அதையும் அதே இடத்தில் எழுதுகிறேன் என்றேன். முதலாளியிடம் சொல்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.