மிளகு போன வழியும் ரோமக் காசும்

தாண்டிக்குடி விவசாயி:
பழனி மலையில் எங்கள் தோட்டத்துக்கு மேலே கற்பதுக்கைகள், அதாவது பழங்காலத்தவர் கற்பலகைகளால் கட்டிய ஈமக்குழிகள், இருக்கின்றன. எங்களுக்குச் சோறு போடுவது மிளகுதான். அந்தக் காலத்து மிளகும் இங்கிருந்து ரோமுக்குப் போயிருக்குமா? அப்படியானால் ரோமக் காசு மலையில் இல்லாமல் கோவை, கரூர்ப் பக்கம் ஏன் அதிகம் கிடைக்கிறது?

உடுமலைக்காரன்:
பாலக்காட்டுக் கணவாய்தான் காரணம் அண்ணே. கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறியிலிருந்து கணவாய் வழியாகக் கொடுமணல் என்ற பழைய வணிக ஊர், கரூர் என்று சரக்கு நடந்தது. 1842-இல் கோவை வெள்ளலூரில் ஒரே புதையலாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை.

பழனி வாசகர்:
காசில் இருக்கும் மன்னரை வைத்துப் புதைத்த காலத்தைச் சொல்லிவிடக் கூடாது. கி.பி. 64-இல், அவர்களுக்குப் பின் வந்த பேரரசர் நீரோ காசில் வெள்ளியைக் குறைத்தார். அதனால் பழைய நல்ல காசையே இங்கே நெடுநாள் கேட்டு வாங்கியிருக்கலாம். 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 தங்கக் காசுகளைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் மேல் வெட்டு! எடைக்குத்தான் மதிப்புக் கொடுத்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

தாண்டிக்குடி விவசாயி:
சரி, அப்போது மலைக்காரர்கள் மிளகைக் கொடுத்து உப்பும் நெல்லும் வாங்கியிருப்பார்களோ?

பழனி வாசகர்:
அப்படித்தான் இருக்கும் தம்பி. அப்புறம், பதுக்கைப் பக்கம் மணியோ காசோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடம் மாறினால் பாதிச் செய்தி போய்விடும்.