மெகா நைட்டை எப்படிப்பா சமாளிக்கிறீங்க?

கிளாஷ் ராயல் (கார்டு இறக்கி எதிராளியோட டவரை இடிக்கிற மொபைல் கேம்) ஆடுற மக்களே, மெகா நைட் கார்டுகிட்ட இருந்து காப்பாத்துங்க. நான் ஓட்டுறது பழைய 2.6 ஹாக் சைக்கிள், அதாவது ஹாக் ரைடரை வச்சு அடிக்கிற, கார்டுக்கு சராசரி 2.6 எலிக்சிர் (கார்டு இறக்க ஆகுற செலவு) மட்டும் பிடிக்கிற டெக். நேத்து பிரிட்ஜ்ல ஹாக்கையும் ஐஸ் ஸ்பிரிட்டையும் விட்டேன், எதிராளி நேரா தலை மேலயே மெகா நைட்டை இறக்கிட்டான், ஸ்பிரிட் காலி, அப்புறம் அது குதிச்சு குதிச்சு என் டவருக்கு வருது, கையில கேனனும் (எதிரியைத் தன் பக்கம் இழுக்குற பீரங்கிக் கட்டடம்) இல்ல. 7 எலிக்சிர்தான், ஒத்துக்குறேன், ஆனா இறங்கினா அடி, குதிச்சா அடி, நின்னு அடிச்சாலும் பக்கத்துல இருக்கிறவனுக்கெல்லாம் சேர்த்து அடி, இது ஓவர் பவர் இல்லாம வேற என்னவாம்? என் ஃப்ரெண்டு "டேய், கார்டு மேல பழி போடாத, ஸ்கெலிட்டன்ஸை வச்சு நடுவுல இழு, ரெண்டு டவரும் சேர்ந்து அடிக்கும்"ங்கிறான். எனக்கு அந்த டைமிங் சுத்தமா வரமாட்டேங்குது. டெக்ல இருந்து கேனனைத் தூக்கிட்டு மினி பெக்கா (கிட்டப் போய் பலமா அடிக்கிற வீரன்) போடலாமா? போட்டா எதிர்ல வர்ற ஹாக்கை எதை வச்சு இழுக்குறது, சொல்லுங்கப்பா.