டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்ட வருகிறது, அண்ணன் காரில் வரவில்லை – ஸ்கூலை மாற்றலாமா?

கோவைக்காரி:
எல்எல்ஆர் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். காலை பேட்ச், ஒரு மணி நேரம், ஒரே காரில் மூன்று பேர். என் முறை வந்தால் அவிநாசி ரோட்டில் நன்றாகவே போகிறேன். மாஸ்டரும் "தேறிட்டீங்க" என்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல் போர்டு ஒட்டி அண்ணன் வண்டியை எடுத்தால் நகரும்போதே குலுங்கி ஆஃப் ஆகிறது. அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சாய்வில் பின்னால் உருள்கிறது. இரண்டும் பெட்ரோல், கியர் வண்டிகள்தான். கிளட்ச் கோளாறா, எனக்குத்தான் வரவில்லையா? வீட்டில் "பேசாமல் ஆட்டோமேட்டிக்கில் கத்துக்கோ" என்கிறார்கள்.

கிரீஸ்கை:
அண்ணன் ஓட்டும்போது ஆஃப் ஆகிறதா? இல்லையென்றால் வண்டியைச் சந்தேகப்படாதீர்கள். ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். பல கார்களில் அவை உங்கள் பெடலோடு கம்பியால் இணைந்தவை; அவர் மிதித்தால் உங்களுடையதும் இறங்கும். நாளை கிளட்சின் மேல் காலை லேசாக வைத்துக் கவனியுங்கள். நீங்கள் அழுத்தாமலே இறங்கினால், பாதி வண்டியை அவர்தான் ஓட்டுகிறார்.

பின்சீட்டுப் பயணி:
எங்கள் மாஸ்டர் போன் பேசிக்கொண்டே இதைச் செய்வார். டெஸ்ட் பாஸ் ஆன பிறகுதான் கிளட்ச் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது!

கோவைக்காரி:
பார்த்தேன். ஸ்பீடு பிரேக்கர், சிக்னல், வளைவு எல்லா இடத்திலும் பெடல் தானாக இறங்குகிறது. கேட்டால், "டிராபிக்ல ரிஸ்க் எதுக்குங்க" என்கிறார்.

பொள்ளாச்சி ரோடு:
டிராபிக்கில் அவர் சொல்வது நியாயம்தான். ஆள் இல்லாத ரோட்டிலும் மிதித்தால்தான் தப்பு. அதைவிடப் பெரிய குறை நேரம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி சொந்த உபயோகக் காருக்குப் பயிற்சி குறைந்தது 21 நாள், அதில் கையில் ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுவது குறைந்தது 10 மணி நேரம். ஒரு மணி நேரத்தை மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 20 நிமிடம். 21 நாளும் போனாலும் 7 மணி நேரம்தான் வரும். பின்சீட்டில் உட்கார்ந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் ஓட்டிய நேரத்தை எழுதி வைக்க ஸ்கூலில் படிவம் 15 என்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அதைப் பார்க்கக் கேளுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் மேற்கொண்டு பணம் கட்ட வேண்டாம் என்பேன்.

வேறு ஸ்கூல் போனாலும் ஃபீஸை மட்டும் விசாரிக்காமல், காரில் எத்தனை பேர், தினமும் அதே மாஸ்டர்தானா என்று கேளுங்கள். அவசரமும் வேண்டாம். 30 நாள் முடிந்ததும் டெஸ்டுக்குப் போகலாம் என்பதுதான் விதி, போயே ஆக வேண்டும் என்றில்லை. எல்எல்ஆர் 6 மாதம் செல்லும்.

ஆட்டோமேட்டிக் பற்றி: நம் ஊர் கார் லைசென்ஸில் கியர், ஆட்டோமேட்டிக் என்று பிரிவு கிடையாது. கடைசிவரை ஆட்டோமேட்டிக்தான் என்றால் அதிலேயே கற்றுக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் வீட்டில் நிற்பது அண்ணனின் கியர் வண்டி. அதனால் கிளட்சைப் பழகிவிடுங்கள். ஹில் ஹோல்ட் (சாய்வில் வண்டி உருளாமல் சில நொடி பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதி) இல்லாத ஏஎம்டி (கிளட்ச், கியர் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும் ஒரு வகை ஆட்டோமேட்டிக்) கார்களும் சாய்வில் உருளும். அதை வாங்கினால் மட்டும் பேஸ்மெண்ட் தொல்லை தீராது.

கிரீஸ்கை:
அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலி இடத்தில் இதைச் செய்யுங்கள். சமதளம், முதல் கியர், ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. கிளட்சை மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து, பானட் லேசாக நடுங்கும். அங்கேயே காலை நிறுத்தினால் வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். மறுபடி அழுத்தி நிறுத்துங்கள். அந்த இடம் வண்டிக்கு வண்டி மாறும். ஸ்கூல் கார் கணக்கு அண்ணன் வண்டிக்குச் செல்லாது. யோசிக்காமலே கால் அங்கே போய் நிற்கிறவரை ரோட்டுக்குப் போக வேண்டாம்.

அப்புறம் சாய்வு. ஹேண்ட்பிரேக் போட்டு, அதே நடுக்கம் வரும்வரை கிளட்சை விட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். உருளாது.

கோவைக்காரி:
பதிவேட்டைக் கேட்டதும், "மத்தியானம் தனியா வாங்க, நான் காலே வைக்க மாட்டேன்" என்று மாஸ்டரே சொல்லிவிட்டார். ஸ்கூலை இப்போதைக்கு மாற்றவில்லை. சமதளத்தில் அண்ணன் வண்டி ஊருகிறது. இந்த ஞாயிறு பேஸ்மெண்ட்.

கிரீஸ்கை:
வாட்ச்மேனிடம் சொல்லி, பின்னால் வண்டியோ ஆளோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று முதலில் அண்ணன் ஒருமுறை அதே சாய்வில் நிறுத்திப் பார்க்கட்டும்.