அடிக்கடி வரும் அரிப்பு: பூஞ்சையா, ஹெர்பீஸா?

கேள்வி:
இந்த வருஷம் நாலாவது தடவை. பிறப்புறுப்புல அரிப்பு, எரிச்சல், தோலில் சின்ன வெடிப்பு. க்ளோட்ரிமசோல் (பூஞ்சைக்கான களிம்பு) போட்டா ஒரு வாரத்துல சரியாகி, திரும்ப வருது. இது ஹெர்பீஸ்ங்கிற வைரஸ் தொற்றா இருக்குமா?

பதில் 1:
பூஞ்சைன்னா அரிப்புதான் முன்னால நிக்கும். திரிஞ்ச தயிர் மாதிரி வெள்ளை படும், நாற்றம் இருக்காது. ஹெர்பீஸ்ல முதல்ல சுருக்சுருக்னு குத்தும், அப்புறம் கொத்தா நீர்க்கொப்புளம், உடைஞ்சு புண்ணாகும். சிறுநீர் பட்டா காந்தும். பெரும்பாலும் அதே இடத்துலயே திரும்ப வரும். ஆனா சிலருக்கு வெறும் வெடிப்பா மட்டும் வரும், ஏமாத்துறது அதுதான். மருந்தே போடலைன்னாலும் ஹெர்பீஸ் வெடிப்பு 7–10 நாள்ல ஆறிடும். ஆனா குணமாக்கின பேரு களிம்புக்குப் போயிடும்.

பதில் 2:
அதனால பார்த்து முடிவு பண்ணாதீங்க சகோதரி. வெடிப்பு புதுசா இருக்கும்போதே, முடிஞ்சா 48 மணி நேரத்துக்குள்ள, புண்ணிலிருந்து ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால மாதிரி) எடுத்து பிசிஆர் (வைரஸோட மரபணுவைத் தேடுற சோதனை) பண்ணச் சொல்லுங்க. காய்ஞ்சபிறகு எடுத்தா 'இல்லை'ன்னு வந்தாலும் நம்ப முடியாது. ஹெர்பீஸுக்கான ஐஜிஎம் (எதிர்ப்புப் புரதம் பார்க்கிற) ரத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீங்க. கூடவே பூஞ்சைக்குக் கல்ச்சர் (மாதிரியை வளர்த்துப் பார்க்கிறது), சர்க்கரைக்கு எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி காட்டுற ரத்தப் பரிசோதனை).

பதில் 3:
பூஞ்சைதான்னு உறுதியானா, ஃப்ளூகோனசோல் 150 மி.கி. மூணு நாளுக்கு ஒண்ணா 3 மாத்திரை, பிறகு வாரம் ஒண்ணு 6 மாசம். மருத்துவர் சொல்லித்தான், கர்ப்பத்துல கூடாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தொடவே வேண்டாம், பூஞ்சை, ஹெர்பீஸ் ரெண்டையும் மோசமாக்கும்.