ரசீதைத் தொலைக்காதீர்கள்: மேகசின், பிரேஸ், பம்ப் ஸ்டாக் அனுபவங்கள்

கலிபோர்னியாவில் பத்து ரவுண்டுக்கு (குண்டுக்கு) மேல் பிடிக்கிற மேகசினை, அதாவது துப்பாக்கியில் செருகும் குண்டுப் பெட்டியை, வைத்திருந்து யாராவது மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டவில்லை, ஆனால் ஒரு தடவை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

2019 மார்ச் 29, வெள்ளிக்கிழமை. அந்தப் பெரிய மேகசின்களுக்கான மாநிலத் தடை செல்லாது என்று சான் டியேகோவில் நீதிபதி பெனிடெஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டார். 2000 முதல் இந்த மாநிலத்தில் விற்கவே கூடாது என்றிருந்த பொருள், ஆன்லைன் கடைகளில் தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் மாதிரி பறந்தது. ஞாயிறு இரவு நானும் பதினேழு ரவுண்டு மேகசின் நான்கு ஆர்டர் போட்டேன். வியாழக்கிழமை அதே நீதிபதி, அரசு அப்பீல் போவதால், மறுநாள் மாலை 5 மணியிலிருந்து தன் தீர்ப்புக்குத் தானே ஸ்டே கொடுத்தார். என் பார்சல் அப்போது எந்த ஊர் லாரியில் இருந்ததோ! செவ்வாய்க்கிழமை வந்து வாசலில் கிடந்தது. பெட்டியைத் தொடுவதா, திருப்பி அனுப்புவதா என்று தெரியாமல் ஒரு வக்கீலுக்குப் போன் போட்டேன். மார்ச் 29க்கும் ஏப்ரல் 5 மாலை 5 மணிக்கும் நடுவில் வாங்கியவர்களுக்குப் பாதுகாப்பு தொடரும் என்று ஸ்டே ஆணையிலேயே இருக்கிறது, நீ பணம் கட்டிய தேதி அதற்குள் வருகிறது, ரசீதை மட்டும் தொலைத்துவிடாதே என்றார்.

அப்புறம் ஒரு நாள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில், மேற்பார்வை பார்ப்பவர் என் பையை எட்டிப் பார்த்து, இது எப்போது வாங்கியது என்றார். போனில் ரசீதைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "சட்டப்படி நீங்கள் சரியாக இருக்கலாம், என் ரேஞ்சில் பத்துதான்" என்றார். மூடிக்கொண்டு உள்ளே வைத்தேன்.

வழக்கு இன்னும் ஊஞ்சல்தான். 2021இல் ஒன்பதாவது சர்க்யூட் என்கிற மத்திய அப்பீல் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 7-4 என்று தடையை ஏற்றது, 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி பார்க்கச் சொன்னது, 2023 செப்டம்பரில் பெனிடெஸ் திரும்பவும் செல்லாது என்றார், ஆனால் இந்த முறை கூடவே ஸ்டேயும் இருந்ததால் யாருக்கும் வாங்க வழியில்லை. 2025 மார்ச்சில் ஒன்பதாவது சர்க்யூட் மறுபடி அதே 7-4 என்று தடையை ஏற்றது. (மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி வான்டைக் தன் அறையில் துப்பாக்கியைக் கழற்றிக் காட்டி வீடியோவே போட்டார், நேரம் இருந்தால் பாருங்கள்.) பக்கத்து மாநிலம் நெவாடாவில் இருக்கிற ரெனோ போனால் அந்த மேகசின்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். திரும்பக் கொண்டுவந்தால் சட்டவிரோத இறக்குமதி என்று என் மேல் குற்றம் சொல்லிவிடுவார்கள். போய்த் திரும்புவதற்கான விலக்கு 2000க்கு முன்பே வைத்திருந்தவர்களுக்குத்தான்.

---

நான் டெக்சஸ். இங்கே மேகசின் பிரச்சினை கிடையாது, எங்களைப் படுத்தியது பிரேஸ், அதாவது பிஸ்டலின் பின்னால் மாட்டி முன்கையில் பிடிமானம் கொடுக்கிற பாகம்; அதைத் தோளிலும் ஊன்றிச் சுடலாம். பிரேஸ் மாட்டிய பிஸ்டல்களில் பெரும்பாலானவை, குழல் 16 அங்குலத்துக்குக் குறைவு என்பதால், 1934 சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய ரைஃபிள்தான் என்று 2023 ஜனவரியில் ஏடிஎஃப் (துப்பாக்கி விதிகளைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) விதி போட்டது. மே 31 கெடு. நான் கழற்றிவிட்டேன். மச்சான் 200 டாலர் வரி தள்ளுபடி என்றதும் பதிவே செய்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் செய்யவில்லை. நவம்பரில் நாடு முழுவதும் ஸ்டே, 2024 ஜூன் 13 அன்று விதியே ரத்து. ஜெயித்தது பக்கத்து வீட்டுக்காரர்தான், சரி, ஆனால் நடுவில் அந்த ஐந்து மாதம் வாசலில் கார் சத்தம் கேட்டாலே மனிதர் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

---

நீங்கள் கழற்றினீர்கள், நான் அறுத்தேன். பம்ப் ஸ்டாக் என்றால் ரைஃபிளின் பின்பகுதியில் மாட்டி மெஷின்கன் மாதிரி வேகமாகச் சுட வைக்கிற பாகம்; லாஸ் வேகஸ் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு மத்திய அரசு அதற்குப் போட்ட தடைக்கு 2019 மார்ச் 26 கடைசி. முந்தின ராத்திரி கராஜில் உட்கார்ந்து ரம்பத்தால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். ஆஸ்டினில் கார்கில் என்பவர், எதிர்ப்பைச் சொல்லியே தன்னுடைய இரண்டையும் ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார், 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் 6-3 என்று ஜெயித்தார். செய்தி வந்த அன்றைக்கே, இனி புதிதாக வாங்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நான் இப்போது இருப்பது நெவாடாவில். இங்கே மாநிலச் சட்டமே தனியாகத் தடை போட்டிருக்கிறது.