சுங்கை சிப்புட் மலைப் படம்: இதை ஏன் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும்?

பால்மரக்காடு:
நேற்று இங்கே ஒரு படம் வந்தது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எடுத்தது. செம்பனைத் தோட்டத்து (எண்ணெய்ப்பனைத் தோட்டம்) செம்மண் சாலை, பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. நல்ல இடம், ஆனால் ஏன் கறுப்பு வெள்ளை? கைப்பேசியே எல்லா வண்ணமும் பிடிக்கிறதே! பழசாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதானே?

மலைப்பக்கம்:
எடுத்தவன் நான்தான் அண்ணே. வண்ணத்திலும் எடுத்துப் பார்த்தேன். ஒரே பச்சை, கண் மலைக்குப் போகவே இல்லை. வண்ணத்தை நீக்கியதும் பாறை வெடிப்பும் மட்டைமேல் விழுந்த வெயிலும் முன்னுக்கு வந்துவிட்டன. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் அங்குள்ள யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கினார். நேரில் வானம் அப்படியா இருந்தது? பாறை முன்னால் நின்றபோது மனதில் பட்டதை எடுத்தார்.

பால்மரக்காடு:
சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும், அதனால் நீல வானம் கறுக்கும். நம்மூர் வானம் பாதி நாள் வெளுத்துக் கிடக்கிறதே தம்பி, அதற்கு என்ன செய்வாய்? அதைவிட, உன் படத்தில் சாலையும் செம்பனையும் ஒரே சாம்பல். சிவப்பும் பச்சையும் முட்டிக்கொண்டு நிற்பதுதான் அந்த இடத்தின் அழகே.

டார்க்ரூம் தாத்தா:
பட்டணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் சொல்கிறேன். அது கறுப்பு வெள்ளையின் குறை இல்லை, மாற்றிய விதம் சரியில்லை. சிவப்பு ஃபில்டரில் செம்மண் வெளுக்கும், இலை கறுக்கும். பச்சை ஃபில்டரில் தலைகீழ். இப்போது மென்பொருளிலேயே ஒவ்வொரு நிறத்தையும் தனியாக ஏற்றி இறக்கலாம். வண்ணத்தை மொத்தமாகக் கழற்றினால் இப்படிக் கஞ்சி மாதிரிதான் வரும். வானம் வெளுத்திருந்தால் பனிமூட்டத்தில் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குப் போ. தள்ளிப் போகப்போக மர வரிசை மங்கிக்கொண்டே போகும், அந்த வெள்ளை அங்கே உதவி.

அப்புறம், எழுபதுகளில் எடுத்த கலர் படங்களை வீட்டில் எடுத்துப் பாருங்கள். பல படங்களில் சாயம் மங்கிச் செந்நிறம் ஏறியிருக்கும். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளித் துகள். ஒழுங்காகக் கழுவிய படம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

லயத்துப்பிள்ளை:
என் வருத்தம் வேறு. பழைய லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, கறுப்பு வெள்ளையில் போட்டால் எல்லாரும் ‘ஆஹா’ என்கிறார்கள். துருப்பிடித்த தகரமும் ஒழுகும் கூரையும் கலையாகிவிடுகிறது. அங்கே வளர்ந்த எங்களுக்கு வாசல் செம்பருத்தியும் கோயிலுக்கு அடித்த மஞ்சள் பெயின்டும்தான் ஞாபகம்.

மலைப்பக்கம்:
லயம் வேறு அக்கா. நான் சொல்வது மலை, மரம். அங்கே ஆள் யாரும் இல்லையே.

லயத்துப்பிள்ளை:
அந்தச் செம்பனையை நட்டது யாராம்?

பால்மரக்காடு:
அப்படிக் கேளுங்கள்! தம்பி, பிப்ரவரி, மார்ச்சில் பால்மரத்து இலை பழுத்துச் சிவந்து உதிரும். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் காட்டு, பார்க்கலாம்.

மலைப்பக்கம்:
எடுக்கிறேன் அண்ணே. இலை கொட்டிய பிறகு கிளைகளையும் எடுக்கிறேன், அப்போது பேசுங்கள்.

டார்க்ரூம் தாத்தா:
ட்ரைபாட் மறக்காதே. கொசு மருந்தும்.