பால்கனியில் புறா முட்டை: வதைக்காமல் விலக்க வழி உண்டா?

நங்கநல்லூர் கலை:

வணக்கம். நாங்கள் நான்கு மாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். சமையலறைப் பக்கத்துப் பால்கனியில் ஏசியின் வெளி யூனிட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் புறாக்கள் குடியேறிவிட்டன. தரையெல்லாம் எச்சம், சுள்ளி, இறகு. துணி காயப்போட முடியவில்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா, அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாலே இருமல் தொடங்கிவிடுகிறது. அந்துருண்டை வைத்துப் பார்த்தோம், பயனில்லை. கீழ்வீட்டுக்காரர் விளிம்பில் தடவும் பசை ஒன்று இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் அரிசியில் மருந்து கலந்து வைக்கச் சொல்கிறார். அதைக் கேட்கவே எனக்குப் பொறுக்கவில்லை. இன்று காலை எட்டிப் பார்த்தால் சந்தில் இரண்டு முட்டைகள். என்ன செய்யலாம்?

நெய்தல்:

பழைய சிடிக்களை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆந்தை பொம்மையும் விற்கிறார்கள். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பிப் பறவைகளை விரட்டும் கருவி ஒன்றும் இணையத்தில் பார்த்தேன். யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

வலைகட்டி:

சகோதரி, பால்கனிகளுக்குப் புறா வலை கட்டுவதுதான் என் தொழில். முட்டை இருக்கும்போது எதையும் அடைக்காதீர்கள். என்னையே அழைத்தாலும் இப்போது கட்ட மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

புறா ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். 17, 18 நாளில் குஞ்சு வெளிவரும். பகல் வேளையில் ஆணும், மாலையிலிருந்து மறுநாள் காலைவரை பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். பொரித்த சில நாட்களுக்குத் தாய், தந்தை இரண்டும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும். குஞ்சு பறக்க அதற்குப் பின் நான்கைந்து வாரமாகும். இடையில் வலை கட்டிவிட்டால் பெற்றவை வெளியே மோதிக்கொண்டிருக்கும், குஞ்சுகள் உள்ளே பட்டினியில் சாகும். வேறொருவர் அவசரத்தில் கட்டிய வலையை அவிழ்த்து இறந்த குஞ்சுகளை எடுத்திருக்கிறேன். பொறுத்திருந்தால் யாருக்கும் நேராத கொடுமை அது.

ஆகவே ஏறத்தாழ ஏழு வாரம் பொறுக்க வேண்டும். அம்மாவின் நிலையில் இது நீண்ட காலம் என்று தெரியும். அதுவரை அந்த ஜன்னலை மூடியே வைத்து, வேறு பக்கத்தில் காற்று வரும்படி செய்யுங்கள். அந்துருண்டையை உடனே எடுத்துவிடுங்கள், அந்த நெடி ஆஸ்துமாவுக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் புறாவுக்கு இனப்பெருக்கப் பருவம் என்று தனியாக எதுவும் இல்லை, ஆண்டு முழுவதும் முட்டையிடும். குஞ்சுகள் பறந்து போகும் முன்பே பெற்றவை அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். குஞ்சுக்கு இறகு முளைத்ததும் பால்கனியின் மற்ற மூலைகளில் சேரும் புதுச் சுள்ளிகளை நாள்தோறும் எடுத்துப் போடுங்கள். குஞ்சுகள் பறந்துபோய்த் திரும்பாத அன்றே கூட்டை அகற்றிச் சந்தை அடைத்துவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் மறுபடியும் முட்டைதான்.

பசையைக் கையாலும் தொடாதீர்கள். அது புறாவைத்தான் பிடிக்கும் என்பதில்லை. சிட்டுக்குருவி, அணில், பல்லி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இறகில் பசை ஏறிய பறவை பறக்க முடியாமல் மெல்லச் சாகும். மருந்து கலந்த அரிசியை அணிலும் காக்கையும்கூடத் தின்னும். உயிர்களை வதைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அந்த நண்பரிடம் சொல்லுங்கள்.

நெய்தல் கேட்டதற்கு: சிடி, ஆந்தை பொம்மை எல்லாம் சில நாட்களுக்குத்தான். அசையாத ஆந்தையைப் புறா சீக்கிரமே கண்டுகொள்ளும், பிறகு அதன் தலையிலேயே வந்து உட்காரும். ஒலிக் கருவிக்குப் பணம் கொடுக்காதீர்கள். மனிதக் காதுக்குக் கேட்காத அந்த உச்ச ஒலி புறாவுக்கும் கேட்காது.

மாடப்புறாவின் முன்னோர்கள் மலைப்பாறை விளிம்புகளில் வாழ்ந்தவை. நம் சன்ஷேடும் ஏசி நிற்கும் பலகையும் அவற்றுக்குப் பாறை விளிம்புதான். மிரட்டினால் போகாது, கால் ஊன்றும் இடத்தை எடுத்துவிட்டால் போய்விடும். சன்ஷேடு, ஜன்னல் விளிம்பு போன்ற இடங்களில் 45 டிகிரிக்குக் குறையாத சாய்வில் சிமென்ட் பூசினாலோ பலகை பதித்தாலோ புறாவால் நிற்க முடியாது. கொத்தனாருக்கு அரை நாள் வேலை. இவ்வளவு எளிய வழியைப் பலரும் யோசிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

பால்கனிக்கு வலைதான் சரி. புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் போதும். கண்ணின் அளவைவிட முக்கியம், வலை விறைப்பாக நிற்பது. தொளதொளவென்று தொங்கும் வலையில் பறவைகளின் காலும் சிறகும் சிக்கும். சுற்றிலும் கம்பி இழுத்து, நெருக்கமாகக் கொக்கி அடித்து, அதில் வலையைப் பிணைக்கச் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் கலை:

மிக்க நன்றி அண்ணா. காத்திருக்க முடிவு செய்துவிட்டோம். இன்னும் மூன்று சந்தேகங்கள். விளிம்பில் வைக்கும் கம்பி முள் புறாவைக் குத்தாதா? எச்சத்தை எப்படிச் சுத்தம் செய்வது? எங்கள் மொட்டைமாடியில் ஒரு பாட்டி தினமும் கோதுமையும் கம்பும் படிபடியாகக் கொட்டுகிறார். புண்ணியம் என்று செய்பவரிடம் எப்படிப் பேசுவது?

பாசல் தமிழன்:

தானியம் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் வாழும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். ஆனாலும் எண்ணிக்கை 20,000 அளவிலேயே நின்றது. இரை இருக்கும்வரை, இறந்தவற்றின் இடத்தைப் புதிய குஞ்சுகள் நிரப்பிவிட்டன. 1988இல் வழியை மாற்றினார்கள். தீனி போடுவதைக் குறைக்கும்படி மக்களுக்கு விளக்கினார்கள். புறாக்களுக்குக் கூண்டு வீடுகள் அமைத்து அங்கே முட்டைகளை எடுத்தார்கள். சுமார் நான்கு ஆண்டுகளில் தொகை பாதியானது. கொட்டும் தானியத்தைக் குறைத்தால் புறாக்கள் பெருகுவதும் குறையும்.

வலைகட்டி:

பாசல் நண்பர் சொன்னதைப் பாட்டியிடம் அப்படியே சொல்லுங்கள். ஆனால் சண்டையாக வேண்டாம், பறவைமேல் பாசம் உள்ள பெரியவர் அவர். அளவுக்கு மீறிய தீனியால் கூட்டம் பெருகி, நெருக்கடியில் நோய் பரவுவது புறாக்களுக்கும் கேடுதான். காக்கைக்குச் சோறு வைப்பதுபோல் உடனே தின்று தீரும் அளவு வைக்கலாம், கோடையில் தண்ணீர் வைக்கலாம் என்று சொன்னால் அவர் மனம் புண்படாது. உங்கள் அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த இருமலைக் கேட்டால் பாட்டிக்கே புரியும்.

முள் குத்தாது. நுனி மழுங்கிய ஸ்டீல் கம்பிகள்தாம் அவை, உட்கார இடம் தராமல் செய்வதே வேலை. ஆனால் குறுகிய விளிம்புக்கு மட்டும் வாங்குங்கள். அகலமான இடத்தில் ஒரே வரிசை வைத்தால் புறா அதன் பின்னால் போய் உட்காரும். கம்பிகளுக்கு இடையில் சுள்ளி செருகிக் கூடு கட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

எச்சத்தை ஒருபோதும் காய்ந்தபடி பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைக் கிருமிகள் இருக்கலாம், கிருமி இல்லாவிட்டாலும் அதிலுள்ள புரதமே சிலருக்கு நுரையீரல் அழற்சியைத் தரும். சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அன்று அம்மா உறவினர் வீட்டில் இருக்கட்டும். இருமலைப் பற்றி மருத்துவரிடம் பேசும்போது வீட்டில் புறா இருப்பதையும் சொல்லுங்கள், பலர் அதைச் சொல்வதே இல்லை.

வலைக்கு ஆள் வரும்போது ஏசி பழுதுபார்ப்பவர் கை நுழைக்க ஒரு பக்கம் திறந்து மூடும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் முதல் சர்வீஸிலேயே வலையை அறுத்துவிட்டுப் போவார்கள். கொக்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சென்னைக் காற்றில் மற்றவை துருப்பிடித்து ஒடியும். வெளிப்பக்கமாக நீங்களே சாய்ந்து கட்ட முயலாதீர்கள், மூன்றாம் மாடி அது.